களைத்தோர் பட்டியலில் ஒரே பெயர்

என் கால்கள் எவ்வளவு களைத்திருக்கின்றன என்பது லுகோவாட்ஸ் ஊரில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும். கிளப் தலைவருக்குத் தெரியும். நகராட்சியில் விளையாட்டைக் கவனிக்கும் அதிகாரிக்குத் தெரியும். அரங்கத்தின் கதவில் ஒட்டியிருக்கும் தாளைப் படிக்கத் தெரிந்த எவருக்கும் தெரியும். ரொட்டி வாங்கப் போனால் கடைக்காரம்மா, "உக்காருப்பா வின்கோ, நீ நிக்கக் கூடாதாமே" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. நான் நன்றாகத்தான் இருந்தேன்.

நான் எறிபந்து ஆடுகிறவன். கோட்டுக்காரன். எதிரணியின் கோலுக்கு முன்னால் வளைந்து ஓடும் கோட்டில், அவர்களுடைய தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவில், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது என் வேலை. நூறு கிலோ ஆட்கள் இரண்டு பேர் இரண்டு விலாவிலும் இடிப்பார்கள், சட்டையைப் பிடித்து இழுப்பார்கள். அதற்கு நடுவே வருகிற பந்தைப் பிடித்துத் திரும்பி அடிக்க வேண்டும். பதினேழு வருடமாக இதுதான். இந்த வேலையில் அடி வாங்கத் தெரிய வேண்டும், இடம் பிடிக்கத் தெரிய வேண்டும். உயரக் குதிக்கத் தெரிய வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை.

போன வருடம் வரை எங்கள் களைப்பை அளந்தவர் பயிற்சியாளர் ஸ்டிபான். அவரிடம் இருந்த கருவி அவருடைய வலது கை. எங்கள் ஊர்ப்பக்கம் உடைமாற்றும் அறைக்குள் நுழைகிறவன் உள்ளே இருக்கும் ஒவ்வொருவனோடும் கை குலுக்கியாக வேண்டும். ஒருவனை விட்டுவிட்டால் இருவருக்கும் ஏதோ மனத்தாங்கல் என்று அன்று முழுக்கப் பேச்சு ஓடும். ஸ்டிபான் வாசலில் நின்று ஒவ்வொரு கையையும் இரண்டு நொடி கூடுதலாகப் பிடித்திருப்பார். முகத்தைப் பார்ப்பார். "நீ தூங்கல. இன்னைக்குப் பாதிதான் உனக்கு." "உனக்கு இடுப்பு புடிச்சிருக்கு, போய்ப் படு." "உனக்கு ஒண்ணுமில்ல, சோம்பேறித்தனம், ஓடு." பத்துக்கு எட்டு சரியாக இருக்கும். மீதி இரண்டுக்கு மறுநாள் மன்னிப்புக் கேட்பார்.

அதன் பிறகு தயார்நிலைத் துறை வந்தது.

துறை என்றால் டாக்டர் டார்பூக், கையில் கணினிப் பலகையோடு மிர்னா என்ற உதவியாளர், தரையில் பதித்த இரண்டு கறுப்புத் தட்டுகள், சுவரில் துறையின் பெயர் எழுதிய ஒரு நீலப் பலகை. டார்பூக் ஊசி போடுகிற டாக்டர் அல்ல, ஆராய்ச்சி செய்து வாங்கிய பட்டம். யாராவது மறந்துபோய் "டாக்டர், முழங்கால் வலிக்குது" என்றால் முகம் சுளிப்பார். தட்டுகளின் மேல் நின்று குதித்தால் எவ்வளவு உயரம், எவ்வளவு விசை, எந்தக் கால் முன்னே எந்தக் கால் பின்னே என்று எல்லாம் திரையில் வரும். நாங்கள் அதைத் தராசு என்று கூப்பிட்டோம். தராசை வைக்க அரங்கத்தில் சமதளமான இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது நாங்கள் காலையில் காப்பி குடிக்கும் மூலை. காப்பி இயந்திரம் துணி துவைக்கும் அறைக்குப் போனது.

முதல் நாள் டார்பூக் எங்களை வரிசையாக உட்காரவைத்துப் பேசினார்.

"நரம்பு சொல்லும், தசை கேக்கும். இதுதான் விளையாட்டு. களைச்ச ஆளுக்கு நரம்பு சொல்றது தசைக்கு எட்டாது. ஆனா அவரு அதை ஒத்துக்க மாட்டாரு. வாய் பொய் சொல்லும். முகம் பொய் சொல்லும். கையும் பொய் சொல்லும்." இங்கே அவர் ஸ்டிபானின் கையைப் பார்த்தார். "குதிக்கிற உயரம் மட்டும் பொய் சொல்லாது."

"டாக்டர், நாங்க கை குலுக்கலாமா?" என்று கேட்டான் எங்கள் அணித்தலைவன் லோவ்ரோ.

"குதிச்ச பிறகு குலுக்கலாம். முன்னாடி குலுக்கினா நரம்பு தூண்டப்படும், அளவு கெட்டுப்போகும். காப்பியும் அப்படித்தான். சிரிப்பும் அளவோட இருந்தா நல்லது."

அன்றிலிருந்து நாங்கள் கைகளைப் பைக்குள் வைத்துக்கொண்டு, தெரியாத ஊரில் பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி அறைக்குள் நுழைந்தோம். ஸ்டிபான் வாசலில்தான் நின்றார். கையை என்ன செய்வதென்று தெரியாமல் சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டார்.

தராசுக்கு முன்னால் தினமும் கேள்வித்தாள் ஒன்று உண்டு. காலை ஏழரைக்குக் கைபேசி முனகும். தூக்கம் எப்படி, கால் எப்படி, மனம் எப்படி? ஒன்றிலிருந்து ஐந்துக்குள் எண் போட வேண்டும். முதல் வாரம் மனத்துக்கு நான் இரண்டு போட்டேன். பத்து மணிக்கு மிர்னா கூப்பிட்டாள்.

"மனசுக்கு ஏன் ரெண்டு போட்டீங்க?"

"ஏழரைக்கு எழுப்பி மனசு எப்படின்னு கேட்டா வேற என்ன போடுறது?"

அதற்கு ஒரு படிவம் இருந்தது, நான்கு பக்கம். மூன்று போட்டாலும் படிவம் வரும், ஐந்து போட்டால் அலட்சியமாகப் பதில் சொல்கிறாய் என்று சந்தேகம் வரும். ஒரு மாதத்தில் பதினாறு பேரும் நான்குக்கு வந்து சேர்ந்தோம். குளிர்காலம் முழுக்க எங்கள் அணியின் மனம் நான்கு. அப்பாவை அடக்கம் செய்த மறுநாள்கூட லோவ்ரோ நான்குதான் போட்டான். அடக்கம் முடிந்து வந்தவனுக்கு நான்கு பக்கம் நிரப்பத் தெம்பில்லை. மாதக் கூட்டத்தில் டார்பூக் அந்த வரைபடத்தைத் திரையில் காட்டினார். கோடு நூல் பிடித்ததுபோல் நேராக இருந்தது. "இப்படி நிலையான மனநிலையை நான் எந்த அணியிலும் பார்த்ததில்ல" என்றார். லோவ்ரோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

என் கதைக்கு வருகிறேன். ஆகஸ்டு கடைசியில் அடிப்படை அளவு எடுத்தார்கள். ஒவ்வொருவனும் முழு மூச்சோடு குதிக்க வேண்டும், அந்த உயரம்தான் வருடம் முழுக்க அவனுடைய நூறு சதவீதம். ஒரு நாள் தொண்ணூறுக்குக் கீழே இறங்கினால் சிவப்பு. சிவப்பு என்றால் பயிற்சி கிடையாது. ஆட்டத்துக்கு முந்தைய அளவில் சிவப்பு என்றால் ஆட்டமும் கிடையாது.

அடிப்படை அளவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை லோவ்ரோ வீட்டுத் தோட்டத்தில் ஒரு பன்றியைக் கம்பியில் சுட்டார்கள். எங்கள் ஊரில் கூட்டங்களில் எதுவும் முடிவாவதில்லை, எல்லாம் சுட்ட பன்றியைச் சுற்றித்தான் முடிவாகும். நான் போகவில்லை. மாமனார் தோட்டத்தில் பிளம் பழம் பறிக்க ஏணி மேல் நின்றுகொண்டிருந்தேன். வாழ்க்கையில் நான் செய்த பெரிய தப்பு அந்த ஏணியில் ஏறியதுதான்.

திங்கட்கிழமை தராசில் ஏறினேன். முப்பத்தைந்து வயது, நூற்று நான்கு கிலோ. "பெருசு, மெதுவா, தட்டு உடைஞ்சிரும்" என்றான் புரூனோ. அவன் இன்னொரு கோட்டுக்காரன். எனக்கு எட்டு வயது இளையவன். நான் உட்கார்ந்தால் அவன் நிற்பான், அவன் உட்கார்ந்தால் நான் நிற்பேன். அவன் சொன்னதில் ரோஷம் வந்து குதித்தேன். நாற்பத்தொரு சென்டிமீட்டர். வாழ்நாளில் அவ்வளவு குதித்ததில்லை. மிர்னா கை தட்டினாள். மற்றவர்கள் யாரும் தட்டவில்லை. என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

எனக்குப் பின்னால் புரூனோ ஏறினான். இருபத்தெட்டு சென்டிமீட்டர். காரைத் தாண்டிக் குதிக்கிற எங்கள் இடது ஓரத்துக்காரன் முப்பது. லோவ்ரோ இருபத்தாறு. எல்லோருக்கும் இன்றைக்கு என்ன ஆயிற்று என்று நான் பாவப்பட்டேன்.

செப்டம்பரில் எனக்கு முப்பத்தாறு வந்தது. என் வழக்கமான உயரம் அதுதான். எண்பத்தெட்டு சதவீதம், சிவப்பு. அதே நாள் புரூனோ முப்பத்துநான்கு, நூற்று இருபத்தொரு சதவீதம். காய்ச்சலோடு வந்து வாளியில் வாந்தி எடுத்த கோல்காப்பாளனுக்கு நூற்றுப் பதினான்கு, பச்சை. அணியில் என்னைத் தவிர எல்லோரும் மனித சக்திக்கு மேலே இருந்தார்கள். கதவில் ஒட்டிய தாளில், களைத்தோர் என்ற தலைப்பின் கீழே என் பெயர் தனியாக நின்றது.

"உனக்கு யாரும் சொல்லலையாடா?" என்று லோவ்ரோ துணி துவைக்கும் அறையில் காப்பிக்கு நடுவே கேட்டான்.

"என்ன சொல்லணும்?"

"அடிப்படை அளவுல கம்மியா குதிக்கணும்னு. ஜெர்மனியில நான் ஆடின கிளப்புல மொத நாளே இதைத்தான் சொல்லிக்குடுத்தாங்க. ஞாயித்துக்கிழமை பன்னிக் கறி சாப்புடுறப்ப பேசி முடிவு பண்ணோமே."

"நான் பிளம் பறிக்கப் போயிருந்தேன்."

"பிளம்" என்று அவன் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான்.

சிவப்புக்காரர்களுக்கு மீட்பு அறை. அங்கே காற்று ஊதிய காலுறைகளை இடுப்புவரை மாட்டிக்கொண்டு படுத்திருக்க வேண்டும். மற்றவர்கள் ஓடுவது சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும். நான் படுத்தேன். படுத்தவனுக்குக் காலில் வேகம் குறைந்தது. அடுத்த வாரம் முப்பத்தைந்து. அதனால் ஓய்வைக் கூட்டினார்கள். இன்னும் குறைந்தது. இன்னும் கூட்டினார்கள். ஜனவரியில் எனக்கு மாடிப்படி ஏற மூச்சு வாங்கியது. "பாத்தீங்களா, எவ்வளவு ஆழமான களைப்பு" என்றார் டார்பூக். எனக்கு அழுகை வருகிற அளவுக்குக் கோபம் வந்தது. பதினேழு வருடம் அடி வாங்கி ஆகாதது நான்கு மாதம் படுத்ததில் ஆகிக்கொண்டிருந்தது.

இதில் உண்மையாகவே தேய்ந்துகொண்டிருந்தவன் புரூனோ. நான் சிவப்பு என்பதால் அவனை மாற்ற ஆள் இல்லை. ஆட்டத்துக்கு அறுபது நிமிடம், வாரத்துக்கு இரண்டு ஆட்டம். பிப்ரவரியில் அவன் படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்தேன். குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநார் வடம்போல் வீங்கியிருந்தது. காலையில் முதல் பத்து அடி நொண்டுவான். கேள்வித்தாளில் காலுக்கு இரண்டு போட்டுப் பார்த்தான். மிர்னா தராசைப் பார்த்தாள். நூற்று ஏழு, பச்சை.

"வலிங்கறது உங்க அபிப்பிராயம்" என்றார் டார்பூக். "அளவு வேற சொல்லுது."

அவன் என்னிடம் வந்தான். "பெருசு, நான் போய் உண்மையைச் சொல்லிரட்டுமா? பொய்யா குதிச்சேன்னு?"

"சொன்னா?"

"எல்லாரும் பொய்யா குதிச்சாங்கன்னு ஆயிடும். லோவ்ரோ மாட்டுவான். எல்லாரும் மாட்டுவாங்க."

"சரி. நான் என்னோடதைக் குறைக்கச் சொல்லிக் கேக்கறேன். நான் பச்சையானா நீ உக்காரலாம்."

முறையீட்டுக்குக் குழு இருந்தது. கிளப் தலைவர், நகராட்சி அதிகாரி, டார்பூக், மூவரும் நீலப் பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள்.

"உங்க கோரிக்கை என்ன?" என்றார் நகராட்சி அதிகாரி.

"என் அடிப்படை அளவை மறுபடி எடுக்கணும், ஐயா. ஆகஸ்டுல தெரியாம அதிகமா குதிச்சிட்டேன்."

"தெரியாமயா?"

"ரோஷத்துல."

டார்பூக் முன்னால் சாய்ந்தார். "பதினாறு பேர்ல பதினஞ்சு பேர் அவங்க அடிப்படையைத் தாண்டிட்டாங்க. இந்தத் துறை வந்த பிறகு அணி மொத்தமும் பதினாலு சதவீதம் முன்னேறியிருக்கு. இதை நான் ரெண்டு மாநாட்டுல சமர்ப்பிச்சிருக்கேன். நீங்க ஒருத்தர் மட்டும் பின்தங்கியிருக்கீங்க. இப்ப உங்களுக்காக அளவுகோலை மாத்தணும்கறீங்க."

"டாக்டர், எனக்கு உடம்பு நல்லா இருக்கு. புரூனோவுக்குத்தான் கால் போகப்போகுது. அவன் நடக்கறதைப் பாருங்க, போதும்."

"நடக்கறதைப் பாத்து முடிவு பண்ணின காலம் போயிருச்சு" என்றார். அதில் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது, என் அறியாமைக்காக.

தலைவர் நல்ல மனிதர், மர ஆலை வைத்திருக்கிறார். "வின்கோ, நான் வேணா ஒண்ணு சொல்றேன்" என்றார். "எங்க ஆலையில அளவு நாடா தப்புன்னு ஒருத்தன் சொன்னா நான் மரத்தைப் பாப்பேன், நாடாவைப் பாப்பேன். இங்க எனக்கு நாடா மட்டும்தான் தெரியுது. மரத்தைப் பாக்க எனக்கு அதிகாரமில்ல." சொல்லிவிட்டு டார்பூக்கைப் பார்த்தார். டார்பூக் தலையசைத்தார். கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. குழுவின் முன் உணர்ச்சிவசப்பட்டதற்காக மனத்துக்கான நான்கு பக்கப் படிவம் ஒன்றும் கையில் கொடுத்தார்கள்.

மே மாதம் கடைசி ஆட்டம். தோற்றால் கீழ்ப்பிரிவு. காலை ஒன்பது மணிக்குத் தராசு. நானும் புரூனோவும் பேசி வைத்திருந்தோம். அவன் குறைத்துக் குதிப்பது, நான் உயிரைக் கொடுத்துக் குதிப்பது. மூன்று வாரமாக நான் யாருக்கும் தெரியாமல் திராவா ஆற்றங்கரையில் மூட்டை தூக்கிக்கொண்டு ஓடியிருந்தேன்.

புரூனோ ஏறினான். இருபது. மிர்னா திரையைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள். "ஒரே வாரத்துல மூணுல ஒரு பங்கு குறையாது. அளவீட்டுப் பிழை."

"பிழைன்னா?"

"கணினி போன வார அளவை எடுத்துக்கும். நூத்தி ஏழு. பச்சை. வாழ்த்துக்கள்."

நான் ஏறினேன். கண் இருட்ட, பல் கடித்துக் குதித்தேன். முப்பத்தொன்பது. தொண்ணூற்றைந்து சதவீதம். எட்டு மாதத்தில் அதுதான் என் முதல் பச்சை.

"இதுவும் வராது" என்றாள் மிர்னா. அவளுக்கே கஷ்டமாக இருந்தது. "களைச்ச ஆள் ஒரே வாரத்துல இவ்வளவு ஏற மாட்டாரு. பிழை. போன வாரம் எண்பத்திரண்டு. சிவப்பு. நான் என்ன செய்ய, வின்கோ?"

ஸ்டிபான் வாசலில் சாவிக்கொத்தோடு நின்று எல்லாவற்றையும் பார்த்தார். புரூனோவைத் தனியாக அழைத்தார். "உன்னால முடியுமா?"

வேறு கோட்டுக்காரன் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். "முடியும் கோச்" என்றான் புரூனோ. கையும் பொய் சொல்லும் என்று டார்பூக் சொல்லியிருந்ததால், ஸ்டிபான் அவன் கையைப் பிடித்துப் பார்க்கவில்லை. பிடித்திருந்தால் தெரிந்திருக்கும். அதனால்தான் பிடிக்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

நாற்பத்தோராவது நிமிடம். நான் பார்வையாளர் வரிசையில் வெளியே போடும் சட்டையும் காலணியுமாக உட்கார்ந்திருந்தேன். பந்து புரூனோவிடம் வந்தது, திரும்பினான், யாரும் அவனைத் தொடவில்லை. ஒரு சத்தம் கேட்டது, காய்ந்த கிளை முறிகிற சத்தம். மூவாயிரம் பேர் கத்திக்கொண்டிருந்த அரங்கத்தில் அந்தச் சத்தம் எனக்குத் தனியாகக் கேட்டது. அவன் திரும்பிப் பார்த்தான், யார் உதைத்தது என்று. பின்னால் யாரும் இல்லை. பிறகு உட்கார்ந்தான்.

லோவ்ரோவைக் கோட்டில் நிறுத்தித் தட்டுத்தடுமாறி ஒரு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தோம். பிரிவில் தங்கிவிட்டோம். ஊர் ஆடியது. நான் ஆடவில்லை.

இரண்டு வாரம் கழித்து நகராட்சி மண்டபத்தில் பருவ நிறைவு விழா. டார்பூக் ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்றார்.

"இந்தப் பருவத்தில் களைப்படைந்தவர் என்று எமது துறை குறித்த எந்த ஒரு வீரருக்கும் சிறு காயம்கூட ஏற்படவில்லை என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன். கடுமையாகக் காயமடைந்தவர் ஒருவரே. அவரோ களைப்பே அறியாதவர். ஆகவே அந்தக் காயம் எமது துறையின் எல்லைக்குள் வரவில்லை. நாங்கள் யாரைக் காத்தோமோ, அவர் முழுதாக நிற்கிறார்."

அந்த முழுதாக நிற்கிறவன் நான். மேடைக்கு அழைத்தார்கள். கண்ணாடிக் கேடயம் ஒன்று கொடுத்தார்கள். அதில் 'பாதுகாக்கப்பட்ட வீரர்' என்று பொறித்திருந்தது. படம் எடுத்தார்கள். கேடயத்தோடு படி இறங்கியவன் நேரே மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது. மறுநாள் காலைதான் போனேன், கேடயம் இல்லாமல், மிளகாய் போட்டு உலர்த்திய ஒரு துண்டு குலேன் இறைச்சியோடு.

குதிகால் தசைநார் அறுந்த புரூனோவின் கால் கட்டோடு தலையணை மேல் இருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் கைபேசி முனகியது. ஏழரை. தூக்கம் எப்படி, கால் எப்படி, மனம் எப்படி?

"இன்னுமா வருது?"

"தினம் வருது. பதில் போடலைன்னா மிர்னா கூப்பிடுறா." மூன்றுக்கும் நான்கு போட்டான். திரையில் பச்சை வந்தது. புதிதாகக் குதிக்காததால் பழைய அளவே ஓடிக்கொண்டிருந்தது, நூற்று ஏழு. "உன்னை மாதிரி ஒழுங்கா குதிச்சிருக்கணும் பெருசு" என்றான்.

"ஒழுங்கா குதிச்சதாலதான் நான் உக்காந்தேன். நான் உக்காந்ததாலதான் நீ இங்க இருக்க."

அவன் சன்னலைப் பார்த்தான். நான் இறைச்சியை வெட்டினேன். இருவரும் சாப்பிட்டோம்.

ஆகஸ்டில் புதிய பருவம். இந்த முறை மூன்று தட்டுகள். லோவ்ரோ வீட்டுப் பன்றிக்கு நான் முதல் ஆளாகப் போனேன். புரூனோ ஊன்றுகோலோடு ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். அடுத்த வருடமும் அவன் ஆடுவது சந்தேகம். அவனுக்குப் பதில் வந்திருக்கிற கோட்டுக்காரன் ஒருவன் எலும்பைக் கடித்துக்கொண்டே, "எவ்வளவு குதிக்கணும்?" என்று கேட்டான். லோவ்ரோ சொன்னான்.

திங்கட்கிழமை தராசில் ஏறினேன். உடம்பு இரும்பாக இருந்தது. கோடை முழுக்க ஓடியிருந்தேன், நாற்பது வந்திருக்கும். பதினேழு வருடத்தில் வாயால் நடுவர்களிடம் ஆயிரம் பொய் சொல்லியிருக்கிறேன், காலால் ஒன்றுகூடச் சொன்னதில்லை. முழங்காலை மடக்கினேன். பாதி வேகத்தை உள்ளேயே விழுங்கிக்கொண்டு எழும்பினேன்.

இருபத்தேழு.

"முழு முயற்சிதானே?" என்றார் டார்பூக்.

"முழு முயற்சி, டாக்டர்."

"வயசு" என்று அவர் அன்போடு எழுதிக்கொண்டார். "இப்பதான் உங்க அளவு உங்களுக்குப் பொருந்துது."

வாசலில் ஸ்டிபான் நின்றிருந்தார். குதித்து முடித்துவிட்டதால் கை குலுக்க அனுமதி இருந்தது. சாவிக்கொத்தை இடது கைக்கு மாற்றி, வலது கையை நீட்டினார். பழையபடி இரண்டு நொடி கூடுதலாகப் பிடித்திருந்தார். முகத்தைப் பார்த்தார்.

"உனக்கு ஒண்ணுமே இல்லையே" என்றார். "முழுசா இருக்கியே."

"ஆமா கோச்."

என் தோளுக்கு மேலே திரையில் இருபத்தேழு எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். அவர் கை மெதுவாக என் கையை விட்டது. அடுத்தவன் கையைப் பிடிக்கத் திரும்பிக்கொண்டார். அவனுடைய முகத்தை அவர் பார்க்கவில்லை.